ரப்பர் தளிர்க்கும் முன்பே பெட்டி வந்துவிட வேண்டும்: குமரியில் புதிதாகத் தேனீ வளர்ப்போருக்கு

அருமனைக்குப் பக்கத்தில் எங்களுக்கு 60 சென்ட் விளை. நடுவில் ரப்பர், ஓரத்தில் தென்னை, வீட்டைச் சுற்றி இரண்டு சக்கை (பலா) மரம், ஒரு கொல்லாமாவு (முந்திரி), கொஞ்சம் வாழை. வெளியூர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய 2022 பங்குனியில், பக்கத்து விளைக்காரர் டின் டின்னாகத் தேன் எடுப்பதைப் பார்த்தேன். ஆசை தாங்கவில்லை. அடுத்த வாரமே ஆறு பெட்டி வாங்கினேன், ஒன்று 2,200 ரூபாய். ஆவணி பிறந்தபோது ஆறும் காலி. நாலு கூட்டம் பறந்துபோனது. ஒன்றை மெழுகுப்புழு தின்றது. மிச்சமிருந்த ஒன்றைத் திறந்து பார்த்த பெரியவர் ஒருவர், "மக்களே, இதுல வாங்கும்போதே ராணி இல்லியே" என்றார்.

13,200 ரூபாய் கட்டிப் படித்த பாடம். நீங்கள் அந்தக் காசைக் கட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஐந்தாறு பெட்டியோடு தொடங்குகிறவர்களுக்கு இது போதும். நூறு பெட்டி வைத்து லாரியில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

1. முதலில் வருஷத்தைப் பாருங்கள்

இங்கே கிடைப்பது பெரும்பாலும் ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதல்ல. மார்கழியில் ரப்பர் இலை பழுத்துக் கொட்டும், தையில் புதுத் தளிர் வரும். தளிர் செம்பு நிறம் மாறி இளம்பச்சையாகும் நாட்களில் ஓர் இலையை ஒடித்துப் பாருங்கள். காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேருகிற இடத்தில் கடுகு போலச் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். காலையில் அதில் பளபளவென்று ஒரு துளி நிற்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். தேனீ வருவது இதற்குத்தான். இலை முற்றிக் கரும்பச்சை ஆகிவிட்டால் சுரப்பு நின்றுபோகும்.

ஆகவே தை கடைசியிலிருந்து பங்குனி முடியும்வரைதான் வரவு. மற்ற ஒன்பது மாதமும் அந்த மூன்று மாதத்துக்கான தயாரிப்பு, அல்லது பிழைத்துக் கிடப்பது. புரட்டாசியில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஓய்ந்ததும் தேனீ மறுபடி முட்டை பெருக்கத் தொடங்கும். ஐப்பசித் துலாமழைக்கு நடுவில் வெயில் கிடைக்கிற நாட்களிலும் பெருகும். கார்த்திகை, மார்கழியில் கூட்டத்தைப் பிரிக்கலாம். தையில் பெட்டி நிறையத் தேனீ இருந்தால்தான் மாசியில் தேன். சித்திரையிலிருந்து வரத்து குறையும். ஆனி, ஆடி, பாதி ஆவணிவரை பட்டினி.

பெட்டி வாங்கும் நேரம் புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகைக்குள். நான் வாங்கிய பங்குனி எல்லாவற்றிலும் மோசமான மாதம். தேன் எடுத்து முடித்தவர்கள், மழைக்காலத்தில் தீனி போட்டுக் காப்பாற்ற மனமில்லாத கூட்டங்களைத் தள்ளிவிடுகிற நேரம் அது. மூடியைத் திறந்தால் தேனீ நிறைய இருக்கும், அதைப் பார்த்து நாமும் ஏமாந்துவிடுவோம்.

இன்னொன்று. தளிர் வரும் சமயத்தில் மூடாப்பும் பனியும் மழையும் சேர்ந்தால் ரப்பரில் சாம்பல் நோய் விழுந்து தளிர் உதிரும். அந்த வருஷம் தேன் பாதிகூடத் தேறாது. அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள்.

2. இடம்

ரப்பரில் மதுரம் உண்டு, ஆனால் தேனீக் குஞ்சான புழுவை வளர்க்க மகரந்தமும் வேண்டும். தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடும், அது பெரிய உதவி. வேலியில் கொடிரோஸ் படரவிட்டால் இன்னும் நல்லது. காலை வெயில் விழவேண்டும், உச்சி வெயில் விழக்கூடாது. வாசல் கிழக்கே பார்த்து இருக்கட்டும். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும் அதில் நாலு கூழாங்கல்லும் போட்டு வையுங்கள், உட்கார்ந்து குடிக்க இடம் வேண்டும் அல்லவா.

ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் வருகிற விளையானால் அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அவர் விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வருவார். வெளிச்சத்தைப் பார்த்துத் தேனீ முகத்துக்கு வரும். எனக்கு இது தெரியாமல், ஒரு நல்ல வெட்டுக்காரர் ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை. அவர் நடக்கும் வழியிலிருந்து பத்தடியாவது தள்ளி, வாசல் வழிப்பக்கம் பார்க்காமல் இருக்கட்டும். மாடு கட்டும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். கட்டிப்போட்ட மாட்டால் ஓட முடியாது.

வைத்த பெட்டியை இஷ்டத்துக்கு நகர்த்தக் கூடாது. பத்தடி தள்ளி வைத்தாலும் வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே வந்து சுற்றும். நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் நாளுக்கு ஓரடி.

3. காகிதங்கள்

வீட்டு விளையில் தேனீ வளர்க்க யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. காகிதம் வேண்டுவது மானியத்துக்கு. தோட்டக்கலைத் துறை வழியாகப் பெட்டிக்கும் கூட்டத்துக்கும் 40 சதவீத மானியம் உண்டு. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை பேர் என்று இலக்கு வரும், அது தீர்ந்துவிட்டால் அடுத்த வருஷம்தான். நான் ஐப்பசியில் போய் நின்றேன், தீர்ந்திருந்தது. ஆனி, ஆடியிலேயே போய் விசாரித்துப் பெயர் கொடுத்து வையுங்கள்.

கேட்டவை இவை: ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவு படம் இரண்டு, பட்டா சிட்டா, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), சிறு குறு விவசாயி சான்றிதழ். சிட்டா இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். சிறு குறு விவசாயி சான்றிதழ் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். எனக்குப் பதினைந்து நாள் ஆனது, அதிலும் கிராம நிர்வாக அலுவலரை இரண்டு முறை நேரில் பார்த்த பிறகு.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. முதலாவது அடங்கல். அது பசலி ஆண்டுக் கணக்கு, ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். நான் கெட்டிக்காரத்தனமாக ஜூன் 24-ஆம் தேதியே வாங்கி வைத்தேன். ஜூலை இரண்டாம் வாரம் கொண்டுபோனபோது "இது போன பசலி" என்று திருப்பிவிட்டார்கள். ஜூலை பிறந்த பிறகு வாங்குங்கள்.

இரண்டாவது பட்டா. எங்கள் விளை தாத்தா பெயரிலேயே கிடந்தது. அப்பாவும் இல்லை. இரண்டு பேருக்கும் வாரிசுச் சான்றிதழ், பிறகு பட்டா மாறுதல் என்று நாலு மாதம் போனது. உங்கள் வீட்டிலும் இதே கதையாக இருந்தால் தேனீயை மறந்துவிட்டு முதலில் அதை முடியுங்கள், வேறு எல்லாவற்றுக்கும் உதவும். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்குதாரர்கள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கேட்டார்கள். சித்தப்பாமாரோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது பெயர். நம் பக்கத்தில் பட்டாவில் வீட்டுப் பெயர், வங்கியில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் இரண்டும் சேர்ந்து ஒன்று என்று இருக்கும். ஆதாரும் வங்கிக் கணக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், பணம் நேரே கணக்குக்குத்தான் வரும்.

மானியம் முன்பணமல்ல. பெட்டி வந்து, அலுவலர் நேரில் பார்த்துப் படமெடுத்துப் போன பிறகு வரும். எனக்கு ஐந்து மாதம். முழுத் தொகையும் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். உண்மையைச் சொன்னால், இரண்டு மூன்று பெட்டிதான் வைக்கப்போகிறீர்கள் என்றால் அலைகிற பேருந்துக் காசும் நாளும் மானியத்தை விழுங்கிவிடும்.

4. பெட்டியும் கூட்டமும் வாங்குவது

நம் பக்கத்தில் புழங்குவது சின்னப் பெட்டி, அதற்கு மார்த்தாண்டம் பெட்டி என்றே பெயர். கீழே அடிப்பலகை, அதன்மேல் ஏழு சட்டம் பிடிக்கும் புழு அறை, அதன்மேல் குட்டையான தேன் அறை, பிறகு மூடி. உள்ளூர் இந்தியத் தேனீக்கு இது சரியான அளவு. வடநாட்டிலிருந்து வரும் பெரிய இத்தாலியத் தேனீப் பெட்டியை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பலா, அயனி, தேக்குப் பலகை நல்லது. மலிவாகக் கிடைக்கிறதென்று மருந்தேற்றாத ரப்பர் பலகைப் பெட்டி வாங்காதீர்கள், ஒரே மழைக்காலத்தில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். சட்டங்கள் எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு ஆசாரிகளிடம் வாங்கி, ஒருவர் சட்டம் மற்றவர் பெட்டியில் இறங்காமல் நான் இழைப்புளியோடு உட்கார்ந்த கதை உண்டு.

கூட்டத்தை மாலையில் அல்ல, காலை பத்து மணி வாக்கில் போய்ப் பாருங்கள். விற்பவரையே திறக்கச் சொல்லுங்கள். தேனீயின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அடையைப் பாருங்கள். வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அறைக்குள் விழும்படி சட்டத்தைச் சாய்த்துப் பிடித்தால், அறையின் அடியில் குட்டி அரிசி போல ஒற்றை முட்டை நிற்பது தெரியும். முட்டை இருந்தால் மூன்று நாளுக்குள் ராணி இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை தாறுமாறாகக் கிடந்தால் ராணி இல்லை, வேலைக்காரத் தேனீயே முட்டை போடுகிறது. அதை வாங்காதீர்கள். புழு செத்து, தலை நிமிர்ந்து, இடுக்கியால் எடுத்தால் தண்ணீர்ப் பை போலத் தொங்கினால் அது தாய்லாந்து சாக்புரூட் நோய். மருந்து கிடையாது. அந்தத் தோட்டத்திலிருந்தே எதுவும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

போன ஐப்பசியில் எனக்கு ஆன செலவு: கூட்டத்தோடு பெட்டி 2,000 வீதம், இரும்புத் தாங்கி 350, புகைப்பான் 450, முகவலை 250. தேன் எடுக்கும் எந்திரம் புதிதாக 5,000-க்குக் குறையாது. முதல் வருஷம் வாங்க வேண்டாம். பக்கத்தில் வைத்திருப்பவரிடம் இரவல் கேளுங்கள், ஒரு பாட்டில் தேனுக்குத் தருவார்கள். கையுறை எதற்கு? போட்டால் விரல் தடித்து தேனீயை நசுக்குவோம், நசுங்கிய வாசனைக்கு மற்றவை கொட்டும்.

பெட்டியைக் கொண்டுவருவது இருட்டிய பிறகு. வாசலைக் கம்பிவலையால் அடைத்து, சட்டங்கள் ஆடாமல் கயிறு கட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். களியல் ரோட்டுக் குழிகளைப் பற்றி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. பெட்டியைத் தேடி வருகிறவர்கள்

வாரம் ஒரு முறை திறந்து அடிப்பலகையைத் துடைக்க வேண்டும். அதோடு, பெட்டியைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தினமும் ஒரு பார்வை. விளையில் பெட்டி வைத்தால் விளையில் உள்ள எல்லாருக்கும் சாப்பாட்டுக்கடை திறந்த மாதிரி.

எறும்பு முதலில் வரும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மேலே கொஞ்சம் பழைய எண்ணெய் விடுங்கள். ஆனால் முசிறு கிண்ணத்தைத் தாண்டாது, மேலே தொடும் கிளை வழியாக இறங்கும். கொல்லாமாவின் ஒரே ஒரு இலை மூடியில் பட்டதற்கு ஒரு கூட்டம் ஓடிப்போனது எனக்கு.

பெட்டிக்கு முன்னால் காலையில் கறுப்பாக விரல்நீளக் கழிவு கிடந்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே தேனீயின் இறகும் ஓடும் மினுங்கும். தேரை இரவில் வந்து வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நக்கித் தின்றுபோகிறது என்று பொருள். தாங்கியை இரண்டரை அடி உயர்த்தி, கீழே புல்லைச் செதுக்கினால் தீர்ந்தது. புல்லைச் செதுக்குவது இன்னொன்றுக்கும் நல்லது: அடிப்பலகையின் கீழ் வெறுங்கையை விட்டு ஒரு தேளைப் பிடித்தவன் சொல்கிறேன்.

பஞ்சுருட்டான் குளிர்காலத்தில் கூட்டமாக வந்து மின்கம்பியில் வரிசையாக உட்காரும். பறக்கும் தேனீயைக் கொத்திக்கொண்டு கம்பியில் அடித்துக் கொடுக்கை உரசிவிட்டு விழுங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பலமான கூட்டத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆபத்து புது ராணிக்குத்தான். அது இணைசேரப் பறக்கும் நாளில் கொத்திப் போனால் கூட்டமே முடிந்தது. அதனால் பஞ்சுருட்டான் நிறைய இருக்கும் வாரத்தில் கூட்டத்தைப் பிரிக்காதீர்கள். வலை விரிப்பதும் கல்லெறிவதும் வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

மழைக்காலத்தில் கடந்தைக் குளவி வாசலுக்கு எதிரே நின்ற இடத்தில் பறந்துகொண்டு ஒவ்வொரு தேனீயாகத் தூக்கும். வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். மகனின் பழைய ஷட்டில் மட்டை எங்கள் வீட்டில் இதற்கென்றே தாழ்வாரத்தில் தொங்குகிறது.

மரநாய் சக்கைப் பழக் காலத்தில் இரவில் வந்து மூடியைத் தள்ளிவிடும். மூடியின் மேல் ஒரு செங்கல், சுற்றிக் கயிறு. ஓணானும் பல்லியும் வரும், போகும், விட்டுவிடுங்கள். மெழுகுப்புழு மட்டும் வேறு வகை. அந்துப்பூச்சி இரவில் முட்டை வைக்கும், புழு அடைக்குள் சுரங்கம் போட்டு வெள்ளை நூலாம்படை பின்னும். தேனீ மூடாத காலி அடையில்தான் பிடிக்கும். கூட்டம் சுருங்கும்போது காலி அடைகளை எடுத்துவிடுவதே மருந்து.

பனையேறும் காலத்தில் அக்கானி (பதநீர்) கலயத்திலும் தேனீ விழுந்து சாகும். பனையேறியிடம் சண்டை போட முடியாது. கலயத்தின் வாயில் பன்னாடை கட்டச் சொல்லலாம், அவருக்கும் அக்கானி சுத்தமாகக் கிடைக்கும்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் வழித்தெடுங்கள், கிள்ளி இழுக்காதீர்கள். வீங்குவது சாதாரணம். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல் என்றால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

6. பிரிப்பது

கார்த்திகையில் ஏழு சட்டமும் நிறைந்து, அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை போல ராணி அறை தொங்கினால் பிரிக்கலாம். ராணி அறை உள்ள சட்டத்தோடு புழு உள்ள இரண்டு சட்டத்தைப் புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள், பழைய ராணி பழைய பெட்டியில் இருக்கட்டும். பிறகு மூன்று வாரம் புதுப் பெட்டியைக் குடையாதீர்கள். ராணி வெளியே போகாமல் தடுக்க வாசலில் வைக்கும் தகட்டைப் புதுப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், ராணி இணைசேரப் போக வேண்டும். முதல் வருஷம் இரண்டுக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

7. தேன் எடுப்பதும் விற்பதும்

தேன் அறையின் அடையில் முக்கால்வாசிக்கு மேல் மெழுகு மூடியிருந்தால் எடுக்கலாம். நல்ல சுரப்பு உள்ளபோது எட்டுப் பத்து நாளுக்கு ஒரு முறை எடுக்க முடியும். புழு அறையில் கை வைக்காதீர்கள். மூடாத அடையை அவசரப்பட்டுச் சுற்றினால் தண்ணீர்த் தேன்தான். இரண்டாம் வருஷம் நான் அப்படி எடுத்து அடைத்த பாட்டில்கள் வைகாசியில் நுரைத்து மூடியைத் தள்ளின. வாங்கிய உறவுக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மூடிய அடையையும் வெயில் நாளையும் பார்த்து எடுத்தால் ஈரம் குறைவாக இருக்கும்.

ரப்பர் தேன் சீக்கிரம் நெய் மாதிரி உறையும். வாங்குகிறவர் சீனி கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவார். விற்கும்போதே சொல்லிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகும், அடுப்பில் வைக்கக் கூடாது.

ஒரு பெட்டிக்கு வருஷம் பத்துக் கிலோ வந்தால் நல்ல வருஷம். எனக்கு முதல் முறை ஆறு கிலோதான். பெயர் ஒட்டி வெளியே விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். நான் எடுத்தபோது சிறு விற்பனையாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். ஆதாரும் படமும் போதும் என்றார்கள். இ-சேவை மையத்துக்கு வெளியே இதற்கு ஆயிரம் கேட்கிற இடைத்தரகர்கள் நிற்பார்கள், அவர்கள் தேவையில்லை.

8. மழைக்காலம்

பங்குனிக் கடைசியில் எல்லாத் தேனையும் வழித்தெடுக்காதீர்கள். பிறகு தேன் அறையைக் கழற்றி, காலி அடைகளை எடுத்து, கூட்டத்தைப் புழு அறைக்குள் நெருக்கமாக்குங்கள். மூடியின் மேல் தகரமோ பழைய பிளக்ஸோ கட்டுங்கள்.

ஆனியிலிருந்து வாரம் ஒரு முறை சீனிப்பாகு. ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது. பெட்டிக்கு ஒரு டம்ளர் போதும். ஆறு பெட்டிக்கு மழைக்காலம் முழுக்க எனக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ சீனி ஆகிறது. வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. மார்கழிக்குள் பாகை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தேன் அறைக்கு ஏறி, நம் தேனே கலப்படத் தேனாகிவிடும்.

பாகைப் பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், ஒரு மணி நேரத்தில் அடிதடி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில், சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில், வெளியே ஒரு துளி சிந்தாமல் வையுங்கள். சிரட்டையில் பாகை ஊற்றி, தேனீ முங்கிச் சாகாமலிருக்க நாலு ஈர்க்குச்சியைக் குறுக்கே போட்டு, உள்ளே சட்டங்களின் பக்கத்தில் வைத்து மூடிவிடலாம். காலையில் சிரட்டை நக்கித் துடைத்த மாதிரி காய்ந்து கிடந்தால் கூட்டம் நன்றாக இருக்கிறது. பாகு வைத்தபடி இருந்தால் மழை விடும்வரை காத்திருக்காமல் குடையைப் பிடித்துக்கொண்டாவது அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.